உப்புக் காற்றில் சூரிய விளக்கு: ராமநாதபுரக் கடலோரக் குடியிருப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ராமநாதபுரம் மாவட்டத்தில் கரண்ட் இல்லாத வீடுகள் இருக்கின்றன என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிப்பதற்குக் காரணமும் உண்டு. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016 செப்டம்பரில் திறக்கப்பட்டபோது, ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது என்று பேசப்பட்டது. சுமார் 2,500 ஏக்கர் நிலம், 25 லட்சம் பேனல்கள். அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையம் வழியாக மாநில மின் தொகுப்புக்குப் போய்விடுகிறது. அதே மாவட்டத்தின் கடற்கரையில், பாம்பன் தீவுப் பக்கம், நாற்பது குடிசைகளுக்குக் கிட்ட உள்ள ஒரு குடியிருப்பில் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு நண்டு வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

குடியிருப்பின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். நில விவகாரம் இன்னும் முடியவில்லை, பெயர் வெளியே வந்தால் அவர்களுக்குத்தான் தலைவலி.

நாட்டின் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டதாக மத்திய அரசு 2018 ஏப்ரல் 28 அன்று அறிவித்தது. அறிவிப்பு பொய்யில்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு கிராமத்தின் பள்ளி, பஞ்சாயத்து அலுவலகம் போன்ற பொது இடங்களிலும் பத்து சதவீத வீடுகளிலும் விளக்கு எரிந்தால் போதும், கிராமம் மின்மயமானதாகிவிடும். வருவாய்க் கிராமம் என்ற பெரிய வட்டத்துக்குள் தாய்க்கிராமத்தில் கம்பி இருக்கும். கடலோரத்தில் வாடி, அதாவது தொழில் காலத்துக்கான தற்காலிகக் கொட்டகை, போட்டுத் தொழில் செய்து, நாளடைவில் அங்கேயே குடும்பத்தோடு தங்கிவிட்டவர்களின் குடிசைகள் அந்த வட்டத்தின் ஓரத்தில் கிடக்கும். புள்ளிவிவரத்தில் அவர்கள் இருட்டில் இல்லை.

கம்பி ஏன் போகவில்லை என்றால் பதில் பெரும்பாலும் நிலம்தான். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியை வாழத் தகுதியற்ற இடமாக அரசு அறிவித்தது. மீன் அங்கேதான் கிடைக்கிறது என்பதால் மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்து குடிசை போட்டன. இந்தக் கரையெங்கும் அதே கதைதான், புயல் மட்டும்தான் வேறு. ஒரு பக்கம் வனத்துறை நிலம், ஒரு பக்கம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், நடுவில் புறம்போக்கு. நான் சொல்லும் குடியிருப்பில் யாரிடமும் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் மீட்டர் இல்லை. 2011-12இல் வந்த முதலமைச்சரின் சூரிய ஒளி பசுமை வீடுகள் திட்டமும் இவர்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. 300 சதுர அடி வீடு, ஐந்து சூரிய விளக்கு, மொத்தம் 1.80 லட்சம் ரூபாய், அதில் விளக்குக்கு மட்டும் 30,000 என்ற நல்ல திட்டம் அது. அதற்கும் சொந்த மனை வேண்டும்.

செத்த விளக்குகளைப் பிரித்தபோது

நான் ராமநாதபுரத்தில் சோலார் வேலை பார்க்கிறவன். கொரோனா ஊரடங்கு தளர்ந்த பிறகு, அந்தக் குடியிருப்பின் மகளிர் சுய உதவிக் குழுவினர் என்னைக் கூப்பிட்டார்கள். பாசி எடுக்கக் கடலுக்குள் இறங்கும் பெண்கள் அவர்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று பாசியைப் பெயர் பெயராகப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள். புதிதாக விளக்கு போட்டுத் தரச் சொல்லப் போகிறார்கள் என்றுதான் நினைத்துப் போனேன். ஒரு ஐஸ் பெட்டி நிறையப் பழைய விளக்குகளைக் கொண்டுவந்து என் முன்னால் கொட்டினார்கள்.

எல்லாம் வெவ்வேறு சமயங்களில் வெவ்வேறு நல்லவர்கள் இலவசமாகக் கொடுத்தவை. கையில் தூக்கிப் போகும் லாந்தர்கள், சின்னப் பேனலோடு வந்த மேசை விளக்குகள். இவை தவிர வெளியே மூன்று தெருவிளக்குக் கம்பங்கள் நின்றன. அதில் ஒன்று 2020 டிசம்பரில் புரெவி இந்தக் கரையருகே வந்து வலுவிழந்து நின்ற நாட்களில் சாய்ந்து, அப்படியே கிடந்தது.

"தம்பி, லைட்டு எரியலன்னா எங்களுக்குத் தெரியும். யாருகிட்டச் சொல்றதுன்னுதான் தெரியல" என்றார் குழுவின் தலைவி.

பிரித்துப் பார்த்தேன். பேனல்களை வெயிலில் வைத்து மீட்டரில் அளந்தால், கண்ணாடி உடையாதவை எல்லாம் வோல்டேஜ் காட்டின. தெருவிளக்குப் பேனல்கள் 20 வோல்ட்டுக்கு மேல் காட்டின, அதாவது நல்ல உயிரோடு இருந்தன. எல்.இ.டி.யும் பெரும்பாலும் எரிந்தது. செத்துக் கிடந்ததெல்லாம் இரண்டுக்கும் நடுவில் உள்ளவை. லாந்தரின் பக்கவாட்டில் சார்ஜ் பின் சொருகும் துளையைப் பார்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு, பின்னை எடுத்தால் அதோடு பொடிப்பொடியாக வந்தது. தள்ளு சுவிட்சுக்குள் இருக்கும் தலைமுடி அளவு ஸ்பிரிங் துருப்பிடித்து இற்றுப் போயிருந்தது. பேனலிலிருந்து வரும் வயரின் மேலுறையை இரண்டு விரற்கடை சீவினேன், செம்பு கறுத்திருந்தது. இன்னும் இரண்டு விரற்கடை சீவினேன், அங்கேயும் கறுப்பு. வெட்டிய முனை வழியாக உப்பு ஈரம் வயருக்குள்ளேயே ஏறிப் போயிருக்கிறது. கறுத்த செம்பில் சால்டரிங் பிடிக்காது, ஈயம் உருண்டு ஓடிவிடும். அந்த வயரை மாற்றத்தான் வேண்டும்.

தெருவிளக்கில் வேறொரு கூத்து. பேனலின் அலுமினியச் சட்டத்தை இரும்புக் கிளாம்பால் நேரடியாகக் கம்பத்தில் இறுக்கியிருந்தார்கள். இரண்டு வெவ்வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர். அது ஒரு பேட்டரியாகவே வேலை செய்யும், அலுமினியம் கரையும். தொட்ட இடத்தில் வெள்ளை மாவாக உதிர்ந்தது. கீழே இரும்புப் பெட்டியில் லெட்-ஆசிட் (ஈய அமில) பேட்டரி. நாளெல்லாம் வெயிலில் வெந்த பெட்டிக்குள் இருந்து வயிறு உப்பிப் போயிருந்தது. பத்து டிகிரி வெப்பம் கூடினால் அந்த வகைப் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது கடையில் வேலை கற்கும் பையனுக்கும் தெரியும். திட்ட அறிக்கை எழுதியவருக்கு அந்தப் பெட்டி நிழலில் இருந்திருக்கும் போல.

மற்ற இரண்டு கம்பங்களில் பேட்டரிப் பெட்டி காலியாகவே இருந்தது. கேட்டதற்கு யாரும் முகம் பார்த்துப் பதில் சொல்லவில்லை. பழைய லெட் பேட்டரிக்குப் பழைய இரும்புக் கடையில் கிலோக் கணக்கில் விலை உண்டு. கடலுக்குப் போகாத வாரங்களில் அந்தக் குடியிருப்பிலேயே சட்டென்று காசாகக்கூடிய பொருள் அந்தப் பேட்டரிதான். திருடியவரையும் விற்றவரையும் தேடிக்கொண்டிருப்பதைவிட, விற்க முடியாத பேட்டரியைப் போடுவதே புத்திசாலித்தனம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

லாந்தர்களின் சாவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவை வீட்டு விளக்காக வந்தவை. விடிகாலை மூன்று மணிக்கு வள்ளம் தள்ளும் ஆண்கள் அதைத்தான் கையோடு கடலுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். கடல் தண்ணீர் ஒருமுறை உள்ளே புகுந்தால் முடிந்தது.

கணக்கு

முதலில் யார், எப்போது, எதற்கு வெளிச்சம் தேடுகிறார்கள் என்று கேட்டோம். சூரிய விளக்குப் படம் என்றாலே ஒரு குழந்தை புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும். இங்கேயும் பிள்ளைகள் படிக்கிறார்கள், ஆனால் வெளிச்சம் அதிகம் செலவாவது வேறு இடத்தில். சாயந்தரம் வந்த வலையிலிருந்து நீலக்கால் நண்டைக் கால் ஒடியாமல் எடுக்க வேண்டும், கால் ஒடிந்த நண்டுக்கு விலை குறைவு. பிறகு கிழிந்த கண்ணிகளை முடிய வேண்டும். விடிகாலை இரண்டரை மணிக்கு எழுந்து சோறு பொங்க வேண்டும். இரவில் பெண்கள் வெளியே போக, பாம்புக்கும் பூரானுக்கும் பயப்படாமல் கால் வைக்க வேண்டும்.

சிம்னி விளக்கின் வெளிச்சம் 10 லுமன் அளவு. நல்ல 3 வாட் எல்.இ.டி. 300 லுமன் தரும். அதனால் விளக்கைப் பற்றி யோசிக்க அதிகம் இல்லை. ஒரு வீட்டுக்கு இரண்டு 3 வாட் விளக்கு, இரவு முழுக்க எரிய ஒரு அரை வாட் விளக்கு. முதல் விளக்கு ஐந்து மணி நேரம், இரண்டாவது மூன்று மணி நேரம், சின்னது பத்து மணி நேரம் என்று வைத்தால் மொத்தம் 29 வாட்-மணி (ஒரு வாட் விளக்கு ஒரு மணி நேரம் எரியச் செலவாவது ஒரு வாட்-மணி). இதோடு நிறுத்தினால் ரொம்ப மலிவான ஏற்பாடு.

ஆனால் வீட்டில் போன் இருக்கிறதே. 5,000 மில்லிஆம்பியர் பேட்டரி உள்ள ஒரு ஸ்மார்ட்போனை முழுதாக ஏற்ற, இழப்பையும் சேர்த்தால் 24 வாட்-மணி போகும். பட்டன் போன் ஒன்றுக்கு 5. ஆக மூன்று விளக்கும் ராத்திரி முழுக்கத் தின்னும் மின்சாரத்தை இரண்டு போன்கள் தின்றுவிடுகின்றன. போனைக் கணக்கில் சேர்க்காமல் திட்டம் போட்டவர்கள், "மக்கள் சரியாகப் பயன்படுத்தவில்லை" என்று பிறகு எழுதுவார்கள். மீன் விலை கேட்பதும், வானிலைச் செய்தி பார்ப்பதும், பாதிக் கடலில் எஞ்சின் நின்றால் கூப்பிடுவதும் போனில்தான். போன் செத்தால் இந்த ஊரில் தொழில் பாதி செத்தது.

எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 58 வாட்-மணி. நல்ல வெயில் மாதத்துக்கு 20 வாட் பேனல் போதும். இந்தக் கரையில் பேனலின் அளவை முடிவு செய்ய வேண்டியது பங்குனி வெயிலை வைத்து அல்லவே. மாவட்டத்தின் ஆண்டு மழை 830 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும், அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். அந்த மூடிய வானத்தில் இரண்டு மணி நேர முழு வெயிலுக்குச் சமமாகக் கிடைத்தாலே அதிகம். 40 வாட் பேனலில் அது 80 வாட்-மணி, இழப்புப் போக 56. வாய்க்கும் வயிற்றுக்கும் சரியாகப் போகும். பேனல்தான் இப்போது இருப்பதிலேயே மலிவான சாமான் என்பதால், அதில் கஞ்சத்தனம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை. 40 வாட் என்று முடிவானது.

பேட்டரி 12.8 வோல்ட், 12 ஆம்பியர்-மணி லித்தியம் அயன் பாஸ்பேட். எண்பது சதவீதம் இறங்கவிட்டால் 120 வாட்-மணி கிடைக்கும். விளக்கு மட்டும் என்றால் நான்கு இரவு, போனும் சேர்ந்தால் இரண்டு இரவு. லெட்-ஆசிட்டைவிட விலை கூடுதல், ஆனால் ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கும். முக்கியமாக, பழைய இரும்புக் கடைக்காரர் அதைக் கையால் தொடமாட்டார். இதற்கு, பேனலிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரும் லித்தியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கடையில் சும்மா கிடக்கிறதே என்று லெட்-ஆசிட் கன்ட்ரோலரை மாட்டிவிட்டு, பேட்டரி கம்பெனியைத் திட்டுகிறவர்கள் என் தொழிலிலேயே நிறையப் பேர்.

மிச்சக் கவனமெல்லாம் உப்பின் மேல்தான். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் ராமநாதபுரம் கடைகளில் கிடைக்கவில்லை, தூத்துக்குடியில் படகு மின்வேலைச் சாமான் விற்கும் கடையிலிருந்து வந்தது. போல்ட் எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பார்வைக்கு 304 ரகமும் அதே மாதிரிதான் மின்னும், இந்தக் காற்றில் ஒரு வருஷத்தில் தேநீர்க் கறை மாதிரித் துரு படிந்துவிடும். அலுமினியத்துக்கும் ஸ்டீலுக்கும் நடுவில் பிளாஸ்டிக் வாஷர். ஒவ்வொரு இணைப்பிலும் கிரீஸ் தடவி, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் பசை உள்ள பிளாஸ்டிக் குழாய் போட்டு மூடினோம். உப்புப் புகைச் சோதனை என்று பேனலுக்கு ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது, ஐ.இ.சி. 61701. அந்தச் சான்று உள்ள பேனலாகக் கேட்டு வாங்கினோம். சுவிட்சுக்கு மட்டும் எந்தத் தரமும் தேடவில்லை. வீட்டுச் சுவரில் போடும் சாதாரண 5 ஆம்பியர் சுவிட்ச்தான். உள்ளே பித்தளை, தடிமனான நாக்கு, கெட்டால் ராமேஸ்வரத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

பேனலைக் கூரையில் வைக்க முடியாது, பனையோலைக் கூரை அதைத் தாங்காது. தாங்கினாலும் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று கூரையோடு சேர்த்துப் பிடுங்கிவிடும். இரும்புக் கம்பம் வேண்டாம் என்று சவுக்குக் கம்பு நட்டோம், மண்ணுக்குள் போகும் பாகத்துக்குத் தார் பூசி. மூன்று நான்கு வருஷத்தில் மண் மட்டத்தில் இற்றுவிடும் என்பது தெரிந்ததுதான், இன்னொரு கம்பு வாங்கினால் போயிற்று. இந்த இடம் ஒன்பது பாகை அட்சத்தில் இருந்தாலும், உப்பும் மணலும் வழிந்து இறங்கட்டும் என்று பேனலைப் பதினைந்து பாகை தெற்கே சாய்த்தோம். மணலில் ஊற்றுத் தோண்டித்தான் குடிதண்ணீர் எடுக்கிறார்கள், அதைப் பேனல் கழுவக் கேட்பது நியாயமில்லை. விடியும் முன் பனி இறங்கி உப்பு நனைந்திருக்கும்போது ஒரு துணியால் துடைத்தால் போதும். வெயில் ஏறிய பிறகு துடைத்தால் மணல் கண்ணாடியைக் கீறும்.

பேனல் கழற்றக்கூடியது. கையாலேயே திருகும் இரண்டு நட்டு, ஒரு சொருகி. பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்றால் பேனலைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட வேண்டும் என்பது குழுவின் தீர்மானம்.

பணம் எப்போது வரும்

ஒரு வீட்டுக்கான மொத்தச் சாமானும் ஒன்பதாயிரம் ரூபாயைத் தொட்டது. பாதியை ஒரு நன்கொடையாளர் வட்டியில்லாமல் கொடுத்தார், திருப்பித் தர வேண்டிய பணமாக. மீதி குழுவின் சேமிப்பு.

இலவசமாகக் கொடுக்கலாமே என்று பலர் கேட்டார்கள். அந்தக் குடும்பங்கள் இருட்டுக்காக ஏற்கெனவே செலவழித்துக்கொண்டிருந்தார்கள் என்பதைக் கேட்டவர்கள் பார்க்கவில்லை. ரேஷன் மண்ணெண்ணெய் ஒதுக்கீடு ஆண்டுக்காண்டு குறைந்து, வெளியில் வாங்க வேண்டிய நிலை. மெழுகுவர்த்தி, டார்ச்சுக்குப் போடும் பேட்டரிக் கட்டை. எல்லாவற்றையும்விட, கரண்ட் உள்ள கடையில் போன் சார்ஜ் போட ஒரு தடவைக்குப் பத்து ரூபாய். வீட்டுக்கு வாரம் நூறிலிருந்து நூற்றைம்பது ரூபாய் இப்படியே போய்க்கொண்டிருந்தது. வாரம் நூறு என்று தவணை வைத்தால் புதுச் செலவாகத் தெரியாது.

மாதத் தவணையை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கினோம். மீனவன் வீட்டில் மாதம் என்ற ஒன்று கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அது விசைப்படகுக்குத்தான் என்றாலும், இந்தக் குடியிருப்பில் பாதி ஆண்கள் விசைப்படகுக்குக் கூலிக்குப் போகிறவர்கள். வாடை கடுக்கும்போது வள்ளம் நாள்கணக்கில் மணலில் கிடக்கும். அந்த வாரங்களில் தவணை கிடையாது என்று எழுதிவைத்தோம். வருஷத்தில் நாற்பது வாரம் கட்டினால், இரண்டேகால் வருஷத்தில் கடன் தீரும். வருமானம் வரும் தாளத்துக்குத் தவணையை வெட்டித் தைப்பது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. ஹரீஷ் ஹாண்டே 1995இல் தொடங்கிய செல்கோ என்ற சூரிய விளக்கு நிறுவனம் கர்நாடகத்தில் இதைச் செய்து காட்டி, 2011இல் அவருக்கு மகசேசே விருதும் கிடைத்தது. அங்கே வங்கிக் கடன் கைகொடுத்தது. பட்டாவே இல்லாதவர்கள் வங்கி வாசலில் என்ன செய்ய? அதனால் குழுவின் நோட்டுப் புத்தகமே வங்கியாயிற்று.

நண்டு வியாபாரி ஒருவர் எல்லா வீட்டுக்கும் தானே மொத்தப் பணத்தையும் கட்டுவதாகவும், நண்டுக் காசில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்வதாகவும் சொன்னார். வசூல் வேலை மிச்சம் என்று எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வலைக்கும் எஞ்சினுக்கும் வாங்கிய முன்பணத்துக்காக ஏற்கெனவே அவர் சொல்லும் விலைக்கே நண்டைப் போட வேண்டியிருக்கிறது. "வலையும் அவருது, எஞ்சினும் அவருது. வீட்டு வெளிச்சமும் அவருதா இருக்கணுமா?" என்று ஒரு அக்கா கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வசூல் ஒழுங்காக நடந்ததா என்றால், நடந்தது, பிசிறுகளோடு. புருஷன் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட ஒரு வீட்டில் பல வாரம் நோட்டில் டிக் விழவில்லை. குழு அந்த வீட்டை விட்டுவைத்தது. சும்மா இழுத்தடித்த வீடுகளும் உண்டு. அவற்றுக்கு விளக்கை நிறுத்தலாமா என்று கூட்டத்தில் சண்டை வந்தது. பணம் கட்டாவிட்டால் தானாக அணைந்துபோகும் பூட்டு வைத்த கருவிகள் ஆப்பிரிக்க நாடுகளில் நன்றாக ஓடுகின்றன. பக்கத்துக் குடிசையிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் வாழ்கிறவர்களுக்கு அந்தப் பூட்டு தேவைப்படவில்லை.

ரிப்பேர்

தலைவி கேட்ட கேள்விக்கு வருகிறேன். விளக்கு அணைந்தால் யாரிடம் சொல்வது?

குழுவில் பத்தாம் வகுப்பு படித்த ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆண் பிள்ளை வேண்டாம் என்பதில் அவர்கள் தெளிவாக இருந்தார்கள், வேலை கற்றவன் கேரளாவுக்கோ துபாய்க்கோ போய்விடுவான் என்று. அந்தப் பெண்ணுக்கு மீட்டர் பிடிக்க, வயர் சீவ, வயர் முனையில் மாட்டும் லக்கை அழுத்த, 12 வோல்ட் சால்டரிங் அயர்னில் பற்றவைக்கக் கற்றுக்கொடுத்தேன். முதலில் எதை அளக்க வேண்டும் என்ற வரிசைதான் முக்கியம். பேனல், கன்ட்ரோலருக்கு வரும் வயர், பேட்டரி, பிறகு விளக்கு. இந்த வரிசையில் போனால் பழுது ஒளிய இடமில்லை. ரிப்பேருக்கு இருபதிலிருந்து ஐம்பது ரூபாய் வரை வாங்கிக்கொள்கிறார். உதிரிச் சாமான் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில். வயர், லக், சுவிட்ச், எல்.இ.டி., இரண்டு கன்ட்ரோலர்.

அவர் பார்த்த பழுதுகளில் அதிகம் வந்தது வயர் இணைப்பு. அதிலும் நாங்கள் போட்டவை கொஞ்சம், வீட்டுக்காரர்கள் தாமாக நீட்டிப் போட்டவை நிறைய. ஒரு வீட்டில் கன்ட்ரோலரை ஒதுக்கிவிட்டு பேட்டரியிலிருந்து நேராக டிவிக்கு இழுத்திருந்தார்கள். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று அணைத்துவிட்டது, "பேட்டரி செத்துப்போச்சு" என்று அழைப்பு. டிவிக்கு ஆசைப்படுவதில் என்ன தப்பு? அந்த வீட்டுக்கு இன்னொரு பேனலும் பேட்டரியும் தனிக் கடனாகக் கொடுத்தோம். அவர்கள் தவணை எந்த வாரமும் பிந்தவில்லை.

தெருவிளக்கும் ஆமையும்

தெருவிளக்கைப் பற்றி நான் ஒரு விஷயத்தை யோசித்திருக்கவில்லை. வனத்துறைக்காரர் ஒருவர் சொன்னார். தை முதல் பங்குனி வரை இந்த மணலில் பங்குனி ஆமை முட்டையிட ஏறும். பொரித்து வரும் குஞ்சு வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று நினைத்துப் போகும். இயற்கையில் இரவில் கடல் பக்கம்தான் வெளிச்சம், அதை நம்பிப் பழகிய உயிர். கரைப்பக்கம் வெள்ளை விளக்கு எரிந்தால் குஞ்சு ஊருக்குள் வரும், நாயும் நண்டும் தின்னும்.

எனவே பழைய கம்பங்களை நிமிர்த்தும் யோசனையைக் கைவிட்டோம். கம்பத்தைப் பாதி உயரத்துக்கு வெட்டி, கடல் பக்கம் மறைக்கும் தகரத் தொப்பி போட்டு, மஞ்சள் வெளிச்ச எல்.இ.டி. மாட்டினோம். தகரம் துருப்பிடித்தபின் பழைய பிளாஸ்டிக் வாளியை வெட்டிக் கவிழ்த்தார்கள், அதுவே நிற்கிறது. தெருவிளக்கு யாருடைய பொறுப்பு என்பதில் இன்னும் தகராறு. வீட்டு விளக்கு கெட்டால் அன்றைக்கே சொல்கிறார்கள், தெருவிளக்கு கெட்டால் வாரக்கணக்கில் யாரும் வாய் திறப்பதில்லை. இந்த ஏற்பாட்டில் தோற்ற பகுதி எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

மழை வந்தபோது

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதற்கு முன்னும் பின்னும் வானம் திறக்கவேயில்லை. எங்கள் கணக்குக்கு அதுதான் பரீட்சை. முதல் இரண்டு இரவும் எல்லா வீட்டிலும் வெளிச்சம் இருந்தது. மூன்றாவது இரவில் சில வீடுகள் இருண்டன, ஏன் என்று பார்த்தால் ஸ்மார்ட்போன் இரண்டு இருக்கும் வீடுகள் அவை. விளக்கை மட்டும் எரித்த வீடுகளில் அன்றைக்கும் மீதம் இருந்தது. மறு கூட்டத்தில் ஒரு விதி வந்தது. சூரியன் தெரியாத நாளில் பேட்டரியிலிருந்து போன் ஏற்றக் கூடாது, பகலில் பேனல் ஏதாவது கொடுத்தால் மட்டும் ஏற்றலாம். விதியை எல்லாரும் மதிப்பதில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை, புயல் நேரத்தில் வெளிச்சமா போனா என்று தேர்ந்தெடுக்க வேண்டியவர் அந்த வீட்டுக்காரர்.

கடன் தீர்ந்த வீடுகள் வாரம் முப்பது ரூபாயைப் பேட்டரி நிதி என்று தொடர்ந்து போட வேண்டும். சிலர் போடுகிறார்கள், சிலர் "பேட்டரிதான் நல்லா இருக்கே" என்கிறார்கள். பேட்டரி ஒருநாள் போகும், அப்போது போடாதவருக்கு நிதியிலிருந்து தரலாமா என்ற சண்டையும் வரும். செத்த லித்தியம் பேட்டரியைத் திரும்ப வாங்கிக்கொள்வது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று 2022இன் பேட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன. தண்ணீர் புகுந்து போன இரண்டைக் கொடுக்க நாங்கள் கேட்ட விற்பனையாளர், அப்படி ஒரு விதி இருப்பதையே என்னிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார். இரண்டும் என் கடை அலமாரியில் இருக்கின்றன.

படகு விளக்கு

வீட்டு விளக்கைக் கடலுக்குத் தூக்கிப் போகும் பழக்கத்துக்குத் தனியாக வழி செய்ய வேண்டியிருந்தது. "அண்ணே, எங்களுக்குன்னு ஒண்ணு குடுத்துருங்க, வீட்டு லைட்டைக் கழட்டுனா அங்க சண்டை வருது" என்று ஒரு தம்பி கேட்டான். கடையில் விற்கும் தண்ணீர் புகாத விளக்குகளை வாங்கிக் கொடுத்தோம். விளக்குக்குள் தண்ணீர் புகவில்லை, சார்ஜ் துளையில் புகுந்தது. ரப்பர் மூடியை ஒவ்வொரு தடவையும் சரியாக மூட, உப்புக் கையோடு விடிகாலையில் யாருக்குப் பொறுமை?

துளையே இல்லாமல் ஒன்று செய்து பார்க்கிறோம். மூடியில் பசை ஊற்றி அடைத்த ஒரு குழாய் விளக்கு, வெளியே இரண்டு ஸ்டெயின்லெஸ் போல்ட் தலைகள். வீட்டில் பேனல் வயரின் இரண்டு கிளிப்பை அந்தத் தலைகளில் கவ்வவிட்டால் சார்ஜ் ஏறும். போல்ட்டில் பேட்டரி வோல்டேஜ் நின்றால் கடல் தண்ணீரில் அது கரைந்துவிடும் என்பதால் உள்ளே ஒரு டயோடு. மின்சாரம் உள்ளே போகும், வெளியே வராது. ஆன், ஆஃப் செய்ய வெளியிலிருந்து காந்தத்தைக் காட்டினால் வேலை செய்யும் ரீட் சுவிட்ச். காந்தத்தைத் தொலைத்துவிடுகிறார்கள் என்பதுதான் இதுவரை வந்த ஒரே புகார், இப்போது அதை நைலான் கயிற்றில் கோத்து விளக்கோடு கட்டியிருக்கிறோம். மூன்று வள்ளங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. கச்சான் முடிந்ததும் மூன்றையும் அறுத்துப் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்குச் செய்யலாமா என்று குழுவில் பேச வேண்டும்.